‘ஏ’ எழுத்தில் ஒட்டிய பஞ்சு

பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு பெண்ணுக்கு நான் செய்ததைப் பற்றி எழுத வேண்டும். இதுவரை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

வெளிநாட்டு ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பு நீங்கி ஊரெல்லாம் ஆர்டர் வந்து குவிந்த சமயம் அது. கம்பெனி முதலாளி எங்களுக்குத் தெரிந்த தோட்டத்துக் குடும்பம். என்னைவிட இருபது வயது இளையவர். “சும்மா ஊட்டுல உக்காந்து என்னுங்க பண்ணப் போறீங்க வாத்தியாரே? நமக்கு டி-ஷர்ட்டுக்குப் படம் வரையோணும், வாங்க” என்று கூப்பிட்டார். போனேன். அறுபதை நெருங்கும் வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் மவுசை மேசை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன். எட்டு மாதத்தில் பிரிண்டிங்குக்கு வேண்டிய கலர் பிரித்து, ஃபிலிம் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. என் வயதுக்காரர்கள் செல்போனில் நம்பர் அழுத்தவே திணறிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு எங்களிடம் மொத்தமாக வாங்கும் ஒரு ஐரோப்பிய பையரிடமிருந்து ஆர்டர் வந்தது. நெஞ்சில் ஒரு சொல், அவ்வளவுதான் படம். ஆனால் அந்தச் சொல், பழைய காலத்துப் பிள்ளைகள் ரப்பர் எழுத்துகளை மையில் தொட்டு ஒவ்வொன்றாகக் குத்தி விளையாடுவார்களே, அந்த விளையாட்டு அச்சுப் பெட்டியில் அடித்தது போல இருக்க வேண்டும். இப்படியான ஃபாண்டுகள் இன்டர்நெட்டில் கிடைத்தன. மூன்று எடுத்து அனுப்பினேன். “ரொம்பச் சுத்தமாக இருக்கிறது” என்று பதில் வந்தது. நானே அழுக்கு வைத்து, ஓரங்களைப் பிய்த்து அனுப்பினேன். “இந்த அழுக்கும் சுத்தமாகத்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவிலிருந்து என் மேசைக்கு வந்த சாம்பிள் துணிக்கட்டுக்குள் ஒரு சீட்டு செருகியிருந்தது. பார்த்து முடித்த பீஸ்களை அடுக்கி, மேலே சைஸும் டேபிள் நம்பரும் எழுதிய சீட்டு வைப்பது வழக்கம். எல்லோரும் பேனாவால் கிறுக்கி வைப்பார்கள். இந்தச் சீட்டில் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் ரப்பர் எழுத்தால் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கம் மை தூக்கலாக, ஒரு பக்கம் வெளுத்து, சற்றே சாய்ந்து. பையர் கேட்டது இதைத்தான்.

சீட்டை எடுத்துக்கொண்டு செக்கிங் ஹாலுக்குப் போனேன். பத்து டேபிள். டேபிளுக்கு இரண்டு மூன்று பெண்கள், தலைக்கு மேலே டியூப்லைட். “இது ஆரு அடிச்சதுங்க?” என்றேன்.

எழுந்து நின்றவளுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் சாயப்பட்டறையில். கம்பெனிக்குப் பின்னாலேயே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள்.

“தப்புன்னா நிப்பாட்டிருதேன் சார். என் கையெழுத்துல அஞ்சும் எஸ்ஸும் ஒண்ணுபோல இருக்குன்னு சூப்பர்வைசரம்மா ஏசுதாவ. ரெண்டு தடவ சைஸ் மாறிப் போச்சு. அதான் வீட்ல கெடந்த பெட்டிய எடுத்துட்டு வந்தேன்.”

பக்கத்து டேபிளில் ஒருத்தி, “வாத்தியாருக்கும் ஒரு சீட்டு அடிச்சுக் குடுங்கக்கா, சட்டைல குத்திக்கிட்டுப் போகட்டும்” என்றாள். “என்ன சைசுடி?” என்று எங்கிருந்தோ ஒரு குரல். “ஸ்மால் போதுங்க!” ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் அப்போதும் ஒல்லிதான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பெட்டியைக் கொண்டுவந்தாள். தகரப் பெட்டி. மூடியில் இருந்த படம் தேய்ந்து வெறும் நிறமாக நின்றது. உள்ளே தட்டைப்பயறு அளவில் ஆங்கில ரப்பர் எழுத்துகள், அவற்றைக் கோத்துப் பிடிக்கப் பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டை, ஒரு சின்ன இடுக்கி. ஐந்தாம் வகுப்பில் பைபிள் வசனம் ஒப்பித்ததற்கு மிஷன் பள்ளியில் கொடுத்த பரிசாம். எந்த ஊரிலிருந்தோ வந்த பார்சலில் இருந்ததாம். ‘ஆர்’ எழுத்துக்குக் கால் பாதிதான் இருந்தது.

“எந்தம்பி கடிச்சிட்டான் சார். மிட்டாய்னு நெனச்சு” என்றாள்.

இரண்டு மதியம் என் அறையில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு எழுத்தும் இருபது தடவை. ஒரே எழுத்து, ஒரே கை, ஒரே மைதான். இருந்தும் இருபதும் இருபது விதமாக விழுந்தன. அதுதான் ரப்பர் எழுத்தின் குணம். நான் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையிலும் எது நல்லது என்று வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன்.

‘ஏ’ எழுத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் மிதக்கிற பஞ்சுத் தூசியில் ஒரு துணுக்கு மையில் போய் ஒட்டிக்கொண்டது. எழுத்தின் இடது காலில் மை படாமல் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. பஞ்சுக்கு ஒரு சின்ன வாலும் இருந்ததால் புள்ளிக்கும் ஒரு வால். அவள் விரலால் ரப்பரைத் துடைத்துவிட்டு, “இதக் கழிச்சிருங்க சார், பஞ்சு ஒட்டிட்டு” என்றாள்.

“இதுதான் வேணும் அம்மிணி” என்று அதற்கே வட்டம் போட்டேன்.

ஸ்கேன் செய்து, ஓரங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, விசைப்பலகையில் தட்டினால் வரும் ஃபாண்டாக்கி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பையர் ஒரே நாளில் ஒப்புக்கொண்டார். முதலாளி என் அறைக்கே வந்து, “இதெல்லாம் நீங்களே வரைஞ்சதுங்களா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. அப்போது அதை ஒரு குற்றமாகவே நினைக்கவில்லை.

அந்தச் சட்டைகள் செக்கிங்குக்கு வர ஆரம்பித்ததும் அவளுக்குத்தான் பெரிய சந்தோஷம். “எம் பெட்டி எழுத்தெல்லாம் சட்டைல வருது சார்!” என்றாள். ‘ஆர்’ வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டி, “பாருட்டி, எந்தம்பி பல்லு வெளிநாட்டுக்குப் போவுது” என்பாள். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் அவள் கை வழியாகப் போகும். நெஞ்சு, முதுகு, தையல், காலர் என்று நான்கு இடம் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும்.

ஐந்தாறு மாதம் கழித்து அந்த ஃபேக்ஸ் வந்தது.

பையருக்குச் சென்னையில் இருந்த ஆபீசுக்கு யாரோ பெயர் போடாமல் ஒரு புகார்க் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதை அவர்கள் எங்கள் முதலாளிக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டபோது முகம் கறுத்திருந்தது. மேனேஜரும் செக்கிங் சூப்பர்வைசரும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங் வாத்தியாரே, எழுத்து பத்தி உங்களுக்குத்தான் தெரியும். இது ஆருதுன்னு பாருங்க.”

ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஐந்தாறு வரி. ரப்பர் அச்சு. பார்த்த கணமே எனக்கு ‘ஆர்’ எழுத்தின் கடித்த கால் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு. பயத்தில் அல்ல. வகுப்பில் யாருக்கும் தெரியாத விடை தெரிந்தவனுக்கு வருமே, அந்தக் குதிப்பு.

சூப்பர்வைசர், “நம்ம செக்கிங்ல ஒரு அக்காகிட்டத்தான் ரப்பர் எழுத்து இருக்குதுங்க” என்றார்.

“அந்தம்மா எழுத்துத்தான்” என்றேன்.

“நல்லாத் தெரியுமுங்களா?”

“நூத்துக்கு நூறு. இந்த ஆர் ஒடஞ்சிருக்குது பாருங்க. இந்த மாதிரி ஆர் ஒலகத்துல ஒண்ணுதான் இருக்குது.”

மேனேஜர், அவளுக்கு இங்கிலீஷில் வாக்கியம் எழுத வருமா என்று கேட்டார். முதலாளி சட்டென்று, “மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. இல்லாட்டி ஆராவது எழுதிக் குடுத்திருப்பாங்க, இவ குத்தியிருப்பா” என்றார். எனக்கும் அது பொருத்தமாகப் பட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எழுத்தின் சாட்சி என் கையில் இருந்தது, மற்றது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அவளைக் கூப்பிட்டார்கள். கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“என்ன சார் சொல்லுதீய? நான் எதுக்கு சார் எழுதப் போறேன்? அடுத்த மாசம் என்னய சூப்பர்வைசராப் போடுதேன்னு சொல்லியிருக்காவ.”

“எழுத்து உன்னுதுதானே அம்மிணி.”

“அந்தப் பேப்பரக் குடுங்க, நான் பாக்குதேன்.”

“அதெல்லாம் குடுக்கறதுக்கில்லீங்க” என்றார் முதலாளி. காகிதம் என் கையில்தான் இருந்தது. நான் அதை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

“நல்லாப் பாருங்க சார்” என்றாள். பிறகு மறுபடியும், “நல்லாப் பாருங்க சார்.”

“பார்த்துட்டேன்” என்றேன்.

அன்று மதியத்துக்கு முன்பே அவளை அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு கம்பெனியிலிருந்து வெளியே போனால் எதிர்க் கம்பெனியில் அடுத்த நாளே சேரலாம். ஆனால் பையருக்கு எழுதியவள் என்று பெயர் எடுத்துவிட்டால் ஒருவரும் உள்ளே விட மாட்டார்கள். முதலாளிகள் எல்லாம் உறவுக்காரர்கள். போனில் ஒரு வார்த்தை போதும். அந்த ரோட்டில் எந்தக் கம்பெனியிலும் அவளை எடுக்கவில்லை, லைன் வீட்டையும் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. ஆனால் செய்தவள் அவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் அப்படி நினைத்தேன்.

மேனேஜர் வருகிறவர்களிடம் எல்லாம், “நம்ம வாத்தியார் கண்ணுல தப்பாதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டும் கேட்காதது போல இருப்பேன்.

அடுத்த சீசனுக்கு அதே ஃபாண்டில் வேறு சொற்கள் வேண்டியிருந்தன. ஒரு காலை, நாலைந்து சொற்களைத் தட்டிப் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பியிருந்தேன். ஸ்கேல் எடுக்க டிராயரைத் திறந்தேன். உள்ளே அந்த ஃபேக்ஸ் நகல். நான்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ‘ஆர்’ எழுத்துகளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன், பேப்பர் திருத்துவது போல. அதை எடுத்துப் பிரிண்டுக்குப் பக்கத்தில் வைத்தது வேறு எதற்கும் இல்லை, என் சாமர்த்தியத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளத்தான்.

கண்ணில் பட்டது ‘ஆர்’ இல்லை, ‘ஏ’.

ஃபேக்ஸில் முதல் வரியில் ஒரு ‘ஏ’. அதன் இடது காலில் வெள்ளையாக ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு வால். இரண்டாம் வரியில் இரண்டு ‘ஏ’. இரண்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி, அதே வால். லென்ஸை எடுத்தேன். வரி வரியாக எண்ணினேன். மொத்தம் ஒன்பது ‘ஏ’. ஒன்பதிலும் பஞ்சு.

ரப்பரில் அந்தப் புள்ளி கிடையாது. ‘ஆர்’ எழுத்தின் உடைந்த கால் ரப்பரிலேயே உண்டு. அதைக் கையால் அடித்தாலும் வரும், கம்ப்யூட்டரில் தட்டினாலும் வரும். ஆனால் இந்தப் பஞ்சு ஒரு மதியம் ஒரே ஒரு தடவை ஒட்டியது. அவள் அடுத்த நொடியே துடைத்துவிட்டாள். அந்த ஒரு அச்சை எடுத்து ஃபாண்டாக்கியவன் நான். அந்தப் பஞ்சோடு ‘ஏ’ தட்டக்கூடிய இடம் உலகத்தில் இரண்டுதான், என் கம்ப்யூட்டரும், அதிலிருந்து நகல் எடுத்த, பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசரின் மேசைக் கம்ப்யூட்டரும். கடிதத்தை யாரோ அங்கே உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள். ரப்பர் எழுத்து அவர்கள் கைக்கு வரவே இல்லை.

இருபது தடவை அடிக்கச் சொல்லி, இருபதும் இருபது விதமாக இருக்கிறதென்று லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான். ஒரு காகிதத்தில் ஒன்பது எழுத்தும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல நிற்பதைப் பார்க்காமல் போனவனும் நான். ஏன் தோன்றவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு அந்த ஃபாண்ட் ஒரு படம். குழந்தையின் நெஞ்சில் ஆறு எழுத்துக்கு மேல் அது போகாது. அதை வைத்து ஒருவர் கடிதம் தட்டலாம் என்பது அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்குத் தோன்றாததில் வியப்பில்லை. செய்தவனுக்கே தோன்றவில்லை.

அப்போதுதான் அந்தக் கடிதத்தை முதல் தடவையாகப் படித்தேன். அதுவரை அதில் நான் எழுத்தைத்தான் பார்த்திருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. உள்ளே வேலை செய்கிறவர்களில் ஒருவர் எழுதுகிறேன், பின்பக்கக் கதவை வேலை நேரத்தில் வெளியே பூட்டி வைக்கிறார்கள், சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் திறக்கிறார்கள், தீப்பிடித்தால் மாடியில் இருக்கும் நூறு பேரும் ஒரே படியில்தான் இறங்க வேண்டும். இவ்வளவுதான். எல்லாம் உண்மை. பீஸ் திருட்டுப் போகாமல் இருக்க அந்தக் கதவைப் பூட்டுவார்கள். அந்தப் பூட்டைத் தினமும் தாண்டித்தான் நான் என் அறைக்குப் போனேன்.

எழுந்து முதலாளியின் அறைவாசல் வரை போனேன். கண்ணாடிக்கு உள்ளே அவர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, என்ன என்பது போலத் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

சொன்னால், தட்டியவர் யார் என்று தேடுவார்கள், இன்னொருவர் வேலை போகும் என்று ஒரு சமாதானம் செய்துகொண்டேன். என் கம்ப்யூட்டர் என்பதால் என்னையே சந்தேகப்படலாம் என்று ஒரு பயமும் இருந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் வாசல் வரை போனவனைத் திருப்பியது அவை இல்லை. நூற்றுக்கு நூறு என்று சொன்ன வாயால், தப்பாகிவிட்டதுங்க என்று மேனேஜர் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் மற்றவர்கள் தப்பைத் திருத்தியே பழகியவன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஃபாண்டைத் திறந்து ‘ஏ’ எழுத்தை எடுத்தேன். இடது காலில் இருந்த வெள்ளைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மெர்ச்சண்டைசர் ஆள் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டரிலும் மாற்றினேன். ஃபேக்ஸ் நகலைக் கிழித்துப் போட்டேன். அதுவரை நான் செய்தது தவறு. அன்று காலை செய்ததற்கு வேறு பெயர்.

கடிதத்துக்குப் பிறகு பின்பக்கக் கதவு ஒரு மாதம் போலத் திறந்து கிடந்தது. பிறகு பூட்டு வந்தது. கடிதத்தைத் தட்டியவர் யார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் அங்கே வேலை செய்தேன். கண்ணில் புரை வந்து நின்றுவிட்டேன். அறுவை முடிந்து சில மாதம் ஆகியிருக்கும், பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அருள்புரம் ஸ்டாப்பில் வண்டி நின்றபோது, ரோட்டைத் தாண்டிப் போகிற அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். ஆனால் அவள்தான். பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெளிவில்லை. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு ஓட்டுக் கொட்டகையில், நாலைந்து பெண்களோடு தரையில் உட்கார்ந்து பீஸில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற சின்ன இடம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். “வாங்க சார். கண்ணுல என்ன, கண்ணாடி கறுப்பா போட்டிருக்கீய?” என்றாள்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அன்று நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அந்தக் கடிதம் அவள் பெட்டியில் அடித்தது இல்லை, கம்ப்யூட்டரில் தட்டியது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“தெரியும் சார்” என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு தெரியும். நான் வெளிய வந்து ஒரு வருசம் இருக்கும். எங்க அண்ணன் பிள்ளைக்குச் சட்ட எடுக்க காதர்பேட்டைக்குப் போனேன். எக்ஸ்போர்ட் மிச்சம் போட்டிருப்பாங்கள்ல, அதுல நம்ம சட்ட கெடந்து. எடுத்துப் பாத்தேன். ஆர்ல எந்தம்பி கடிச்சது இருந்து. ஏ-ல பஞ்சு இல்ல.” கையில் இருந்த நூல் துணுக்குகளை உதறினாள். “ஆயிரக்கணக்குல பாத்திருக்கேன் சார் அந்தச் சட்டய. பஞ்சு இல்லாம ஒரு பீஸ் வந்தது கெடையாது. கழிச்சிருங்கன்னு நான் சொன்னப்போ இதுதான் வேணும்னு சொன்னவிய நீங்க. இப்ப எதுக்குத் தொடச்சிருக்காவன்னு அந்தக் கடையிலயே நின்னு யோசிச்சேன். எனக்கு நீங்க அந்தப் பேப்பரக் காட்டல. ஆனா பஞ்சத் தொடச்சதும், பேப்பர்ல அந்தப் பஞ்சு இருந்திருக்கும், அது எம் பெட்டில அடிச்சது இல்லன்னு தெரிஞ்சு போச்சு.”

கொட்டகை வாசலில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். நான் அழித்த புள்ளி, ஒரு கடுகில் பாதி இருக்கும். அதை அழித்ததால் நான் ஒளிந்துகொண்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழித்த இடத்தையே ஆயிரம் ஆயிரமாக அச்சடித்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

“ஏன் வந்து கேக்கல அம்மிணி?” என்றேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது.

“கேட்டா போனதத் திருப்பிக் குடுத்துருவீயளா?”

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். முதலாளியிடம் போய்ச் சொல்கிறேன், திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்கிறேன் என்றேன்.

“வேல வேண்டாம் சார். செக்கிங்ல பத்து டேபிளு இருக்கு. பெறவு அங்க அத்தன பேருக்கும் நான்தான் சீட்டு அடிச்சுக் குடுத்தேன். அவளுவ எல்லாம் என்னய, ஆர்டரக் கெடுக்கப் பாத்து, கூட இருந்து குழி பறிச்சிட்டுப் போனவன்னு நெனச்சிக்கிட்டு இருக்காளுவ. ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்புதாளுவ. அந்தப் பத்து டேபிள்லயும் போய் நின்னு சொல்லுங்க. அது போதும்.”

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்குப் போனேன். முதலாளியிடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சை அழித்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், அவமானப்படுத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

“அப்பிடீங்களா” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஆருதான் அடிச்சது?”

“தெரியலீங்க.”

“போச்சாது உடுங்க வாத்தியாரே. அந்தப் பையரே இப்ப நம்மகிட்ட இல்லீங்க. கம்ப்யூட்டரையும் மாத்தியாச்சு. செக்கிங்ல சொல்லோணும்னா போய்ச் சொல்லிட்டு வாங்க.” அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டார். ஒருத்தியின் பிழைப்பு போனது அவர் முகத்தில் அவ்வளவு நேரம்தான் நின்றது. அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, வாசலிலிருந்து திரும்பிப் போன அந்தக் காலையை நினைத்தேன். நான் அஞ்சியது இந்த ஒரு ‘அப்பிடீங்களா’வுக்கா?

செக்கிங் ஹால் அதே ஹால்தான். பத்து டேபிள், டியூப்லைட். உள்ளே காலை வைத்ததும் இந்திப் பேச்சு காதில் விழுந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் வடக்கிலிருந்து வந்த பெண்கள். மீதிப் பேரும் புதியவர்கள். சூப்பர்வைசர் ஒரு இளம்பெண், என்னை அறியாதவள். பழைய முகம் ஒன்றே ஒன்று இருந்தது, கடைசி டேபிளில்.

இருந்தாலும் சொன்னேன். நடுவில் நின்று, இங்கே இன்னார் வேலை செய்தாள், அவள் மேல் ஒரு பழி வந்தது, அது நான் போட்ட பழி, அவள் அதைச் செய்யவில்லை, அது தெரிந்த பிறகும் நான் மறைத்தேன் என்று சொன்னேன். சூப்பர்வைசர் பதறிப்போய் எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் எடுத்து வைத்தாள். மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் ஏதோ சத்தம் போடுகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

கடைசி டேபிள்காரி மட்டும் பீஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றேன்.

“அவகிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டாள், நிமிராமல்.

“சொல்லிட்டேனுங்க. இங்க வந்து சொல்லச் சொன்னாங்க.”

“சரி. சொல்லிட்டீங்க” என்றாள். அடுத்த பீஸை எடுத்தாள்.

மறுநாளே அருள்புரம் போனேன். அவள் எனக்காகக் காத்திருந்தது போலச் சட்டென்று வெளியே வந்தாள். “சொன்னீயளா சார்?”

“சொன்னேன்.”

“யாரு யாரு இருந்தா? மூணாம் டேபிள்ல ஒரு தூத்துக்குடிக்காரி இருப்பாளே?”

“அவங்க இல்ல. ஊருக்குப் போய்ட்டாங்களாம்.”

“சன்னல் பக்கத்து டேபிள்ல ரெண்டு பேரு, அக்கா தங்கச்சி?”

“இல்ல.”

ஒவ்வொரு டேபிளாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். பத்தாவது டேபிளுக்கு வந்தபோது, அங்கே ஒருத்தி இருந்தாள் என்று அடையாளம் சொன்னேன். நெற்றியில் தழும்பு, காதில் மூன்று கல் தோடு.

“அவளா?” என்றாள். பிறகு மெதுவாக, “அவதான் சார், அன்னைக்கு நான் வெளிய வரும்போது வாசல்ல வச்சு எம் பையக் கவுத்துப் பாத்தா. சோத்து வாளியத் தொறந்து பாத்தா. எதுக்குட்டின்னு கேட்டேன், பதில் சொல்லல.”

சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை எடுத்துப் போட்டாள்.

“என்ன சொன்னா அவ?”

“சரி, சொல்லிட்டீங்கன்னு சொன்னாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல.”

அவள் உள்ளே போகவில்லை. இன்னும் ஏதாவது நினைவு வந்து சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.